சுவரில் அந்தரத்தில் நிற்கும் குட்டி வாசல்: 15-ம் நூற்றாண்டு இங்கிலாந்து கிராமத்துச் சர்ச்சுக்குள் என்னென்ன இருந்தது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஒரு கிராமத்துச் சர்ச்சைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே வெள்ளைச் சுவர், வரிசையாக மரப் பெஞ்சு, நல்ல வெளிச்சம், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. வாசலில் 15-ம் நூற்றாண்டு என்று பலகை இருந்ததால், அந்தக் காலத்திலும் இப்படி வெறிச்சென்றுதான் இருந்ததா என்று கேட்கிறீர்கள். கூடவே இரண்டு சின்னச் சந்தேகங்கள். சுவரில் பத்தடி உயரத்தில், ஏறப் படியும் தெரியாமல், தாண்டினால் கால் வைக்க இடமும் இல்லாமல் ஒரு குட்டி வாசல் இருந்ததே, அது எதற்கு? பீடத்தை ஒட்டிய பக்கச் சுவரில் தாழ்வாக இருந்த ஒரு ஜன்னலைக் காட்டி, தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்த்த ஜன்னல் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னாரே, அது நிஜமா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தக் கட்டடத்திலிருந்து என்னென்ன காணாமல் போயிருக்கிறது?

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். சுண்ணாம்புச் சாந்து, கல், பழைய மரம் ஆகியவைதான் என் படிப்பும் பிழைப்பும். நார்ஃபோக், சஃபோக் கிராமத்துச் சர்ச்சுகளில் பல வருடம் சாரம் கட்டி ஏறி வேலை பார்த்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் கிழக்கு இங்கிலாந்தின் வாடை தூக்கலாக இருக்கும். டெவன், யார்க்ஷயர் பக்கத்துச் செய்திகள் படித்தும், போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டவை. சரி, சுருக்கமான பதில்: இல்லை, அப்படி வெறிச்சென்று இருக்கவே இல்லை. 1450 வாக்கில் நீங்கள் அதே கதவைத் திறந்து உள்ளே போயிருந்தால், முதலில் மெழுகும் சாம்பிராணியும் கலந்த வாசம்தான் வந்திருக்கும். அப்புறம் கண் பழகப் பழக, சுவரெல்லாம் ஓவியம், மூலைக்கு மூலை வண்ணம் பூசிய சுரூபங்கள் (புனிதர்களின் சிலைகள்), ஒவ்வொன்றின் முன்னாலும் எரியும் திரி. பெஞ்சு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக விளங்கும். கட்டடம் இரண்டு பாகம். மேற்கே பெரியது, நேவ் என்கிற மக்கள் கூடம். கிழக்கே சின்னது, சான்சல் என்கிற பீடப் பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு. இங்கிலாந்தில் 13-ம் நூற்றாண்டு வாக்கிலேயே இதற்கு ஒரு பொறுப்புப் பிரிவினை வந்துவிட்டது. சான்சலைப் பழுதுபார்ப்பது தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்குகிற ரெக்டரின் பொறுப்பு. அந்த ரெக்டர் ஒரு குருவாக இருக்கலாம், எங்கோ இருக்கிற ஒரு மடமாகவும் இருக்கலாம். மக்கள் கூடத்தைக் கட்டுவதும் கூரை போடுவதும் அழகுபடுத்துவதும் ஊர்க்காரர்கள் தலையில். இதனால்தான் பல ஊர்களில் கூடம் பெரிதாகவும் பகட்டாகவும், சான்சல் பழைய மாதிரியே குட்டையாகவும் நிற்கிறது. கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்த ஊர், தன் பங்கை இடித்து மூன்று தடவை பெரிதாக்கியிருக்கும். தூரத்து மடமோ சான்சலுக்குச் செலவு செய்யத் தயங்கியிருக்கும். இது செத்துப்போன பழைய சட்டம் என்று நினைக்காதீர்கள். வாரிக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில், பழைய தசமபாக நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த சான்சல் பழுதுச் செலவை இன்றைய நில உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்று 2003-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பே சொன்னது.

இப்போது உங்கள் குட்டி வாசல். இரண்டு பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வளைவின் கீழ், ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரத் தடுப்பு நின்றது. ரூட் ஸ்கிரீன் என்பார்கள். ரூட் என்றால் பழைய ஆங்கிலத்தில் சிலுவை. தடுப்பின் கீழ்ப்பாதி பலகை, அதில் புனிதர்களின் ஓவியம். மேல்பாதி சன்னமாகக் குடைந்த மரவேலை, அதனூடே பீடம் தெரியும். தடுப்பின் தலைமேல் ஒரு பரண், ஒருவர் நடந்து போகிற அளவு அகலம். அந்தப் பரணுக்கும் மேலே சிலுவையில் தொங்கும் இயேசுவின் பெரிய பாடுபட்ட சுரூபம், ஒரு பக்கம் தேவமாதா, மறுபக்கம் யோவான், மூன்றும் மரத்தில் செதுக்கி வண்ணமும் தங்க ரேக்கும் பூசியவை. உள்ளே வருகிற யாருக்கும் கண் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான். அந்தச் சுரூபத்துக்கு முன்னால் விளக்கேற்றவும், தவக்காலத்தில் அதைத் துணி போட்டு மூடவும், சில இடங்களில் பாடவும் ஆள் மேலே ஏற வேண்டுமே, அதற்காகச் சுவரின் கனத்துக்குள்ளேயே குறுகலாக ஒரு சுழல் படி குடைந்தார்கள். கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல். பிற்பாடு இங்கிலாந்து கத்தோலிக்க வழியை விட்டுப் புராட்டஸ்டன்ட் வழிக்கு மாறியது, சுரூபமும் ஓவியமும் கூடாது என்றானது. அதன் தொடர்ச்சியாக எலிசபெத் அரசி காலத்தில், 1561-ல், பரண்களை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பரண் போய்விட்டது. கல்லுக்குள் இருக்கிற படியை யார் போய் எடுப்பார்கள்? கீழ் வாசலைப் பல ஊர்களில் அடைத்துப் பூசிவிட்டார்கள், அதனால்தான் உங்களுக்குப் படி தெரியவில்லை. மேல் வாசல் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில் இதே கதைதான்.

நான் ஒருமுறை அப்படி ஒரு படியில் சுத்தம் செய்ய ஏறியிருக்கிறேன். தோள் இரண்டு பக்கமும் உரசும். ஒவ்வொரு படியின் நடுவும் குழிந்திருந்தது. வலப்பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், கை ஊன்றி ஊன்றி வழவழப்பான ஒரு கல். மேலே போய் வாசலில் நின்றால் எதிரே வெறும் காற்று, கீழே பெஞ்சு வரிசை. வெளியே எட்டிப் பார்த்தால் வளைவின் இரண்டு பக்கமும் பரணின் உத்தரம் செருகிய சதுரக் குழிகள் சாந்தால் அடைத்துக் கிடந்தன. அடுத்த முறை நீங்களும் பாருங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் அந்த அடைப்பு நன்றாகத் தெரியும்.

சுரூபங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு சஃபோக்கில் வென்ஹாஸ்டன் கிராமம் போல ஒரு சாட்சி கிடையாது. வளைவின் மேல்பகுதியை அங்கே பலகையால் அடைத்து, 15-ம் நூற்றாண்டின் கடைசியில் பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் கடவுள் தீர்ப்புச் சொல்லும் காட்சியை வரைந்திருந்தார்கள். வானவில்மேல் கிறிஸ்து, கல்லறையிலிருந்து எழும் மனிதர்கள், ஆன்மாக்களைத் தராசில் நிறுக்கும் மிக்கேல் சம்மனசு (தேவதூதர்), ஒரு ஓரத்தில் வாயைப் பிளந்த மீன் மாதிரி நரகம். பிற்பாடு யாரோ அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள், ஊரே மறந்துபோனது. 1892-ல் சர்ச்சைப் புதுப்பித்தபோது, பழைய பலகைதானே என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு மழை பெய்து சுண்ணாம்பைக் கழுவிவிட்டது. காலையில் வந்து பார்த்தவர்களுக்கு ஈரப் பலகையில் முகங்கள் தெரிந்தன. இப்போது அது உள்ளே சுவரில் இருக்கிறது. அதில் என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது ஓவியம் கூட இல்லை, ஓவியம் இல்லாத மூன்று இடங்கள். நடுவே சிலுவை வடிவில் ஒரு வெற்றிடம், இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற வடிவில் இரண்டு வெற்றிடம். பலகையோடு ஒட்டி நின்ற சுரூபங்கள் போய்விட்டன. அவை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஓவியர் தூரிகை வைக்கவே இல்லை.

சுவர்களுக்கு வருகிறேன். கல் வெளியே தெரிகிற மாதிரி அந்தக் காலத்தில் விடவே மாட்டார்கள். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, பல ஊர்களில் வெளியேயும் பூச்சு. மிக எளிய சர்ச்சில்கூட வெள்ளைப் பூச்சின்மேல் காவி நிறத்தில் கோடு இழுத்து, செதுக்கிய கல் அடுக்கியது போல வரைந்திருப்பார்கள். வசதியுள்ள ஊரில் புனிதர் கதைகள். வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளைவிடப் பெரிதாக, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபர் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அன்றைக்குத் துர்மரணம் வராது என்று நம்பிக்கை, அதனால் வயலுக்குப் போகிறவர் கதவருகே நின்றே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். சரே மாவட்டத்தில் சால்டன் என்ற சின்னஞ்சிறு சர்ச்சில், 1200 வாக்கில் காவியும் மஞ்சளும் வைத்து வரைந்த ஏணி ஓவியம் இருக்கிறது. ஆன்மாக்கள் ஏறுவதும் விழுவதும், பேய்கள் அவற்றைக் கொப்பரையில் போட்டு வேகவைப்பதும் மேற்குச் சுவரை நிறைத்திருக்கும். யார்க்ஷயரில் பிக்கரிங் சர்ச்சில் 1852-ல் ஓவியங்கள் வெளிப்பட்டபோது, அங்கே இருந்த குரு அவை மக்கள் கவனத்தைக் கெடுக்கும் என்று மறுபடி வெள்ளையடிக்க வைத்தார். பிறகு ஒரு தலைமுறை கழித்துத்தான் திரும்ப வெளியே வந்தன.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வெள்ளையடிப்பு மேல் கோபம் வராது. 1540-களிலும் அதற்குப் பிறகும் அழிக்க வேண்டும் என்று பூசிய சுண்ணாம்புதான், போர்வை மாதிரி ஓவியத்தைப் புகையிலிருந்தும் கையிலிருந்தும் காப்பாற்றியது. ஒரு சின்னக் கத்தியின் நுனியால் அந்த அடுக்கைச் செதில் செதிலாக எடுக்கும்போது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை மடிப்போ ஒரு விரலோ கிடைக்கும். உண்மையான சேதம் 19-ம் நூற்றாண்டில் வந்தது. கல் தெரிந்தால்தான் பழமை என்று நினைத்து, சுவரிலிருந்த பூச்சையே மொத்தமாகச் சுரண்டிக் கொட்டினார்கள், அதோடு ஓவியமும் போயிற்று. வில்லியம் மாரிஸ் 1877-ல் பழைய கட்டடப் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கியதற்கு இந்த மாதிரிச் சுரண்டல்தான் காரணம். இன்றைக்கும் அந்தச் சங்கம் இருக்கிறது. சர்ச்சுக்குள் கருங்கல் மாதிரி மொட்டைச் சுவர் பார்த்து, எவ்வளவு பழமை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பெஞ்சு விஷயம். 1300 வாக்கில் பெரும்பாலான கிராமங்களில் கூடத்தின் நடுவே உட்கார எதுவும் இல்லை. மண் தரை அல்லது ஓடு பதித்த தரை, மேலே வைக்கோலோ நாணலோ பரப்பியிருக்கும். ஜனங்கள் நிற்பார்கள், மண்டியிடுவார்கள். சுவரை ஒட்டியோ தூணைச் சுற்றியோ கல் திண்ணை இருந்தால், முடியாதவர்கள் அதில் உட்காருவார்கள். நாணல் பரப்புகிற வழக்கம் கம்பிரியாவில் கிராஸ்மியர் போன்ற ஊர்களில் இன்றும் வருடம் ஒரு நாள் ஊர்வலமாக நடக்கிறது. 15-ம் நூற்றாண்டில்தான் பெஞ்சு பரவலானது. அதற்கு ஊரின் வசதி ஒரு காரணம். நீண்ட பிரசங்கம் கேட்கும் பழக்கம் வளர்ந்ததும் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் பிரசங்க மேடையே இல்லாத ஊர்களும் நல்ல பெஞ்சு செய்திருக்கின்றன. சஃபோக்கில் நீங்கள் பார்த்த பெஞ்சின் முனைப் பலகைகளைத் தடவிப் பார்த்தீர்களா? டென்னிங்டன் என்ற ஊரில் ஒரு முனையில், ஒற்றைப் பாதத்தைக் குடையாகத் தலைக்குமேல் தூக்கிப் படுத்திருக்கும் விசித்திர மனிதன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். சாமர்செட்டில் பிரென்ட் நால் என்ற ஊரில், மடாதிபதி வேடம் போட்ட நரி முதல் பெஞ்சில் கௌரவமாக நிற்கிறது, அடுத்ததில் கால் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறது, கடைசியில் வாத்துகள் சேர்ந்து அதைத் தூக்கில் இழுக்கின்றன.

நின்றார்கள், சரி, எதைப் பார்த்து நின்றார்கள்? பூசை லத்தீனில், பெரும்பகுதி பீடத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில். சாதாரண ஆள் நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், வாங்குவது பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு உச்சம் என்பது எழுந்தேற்றம், குரு அப்பத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டும் அந்த ஒரு கணம். அதைக் கண்ணால் பார்ப்பதே பெரிய பேறு. கட்டடத்தில் அதற்காக எத்தனை ஏற்பாடு பாருங்கள். பக்கப் பீடத்தில் நிற்பவர் நடுப்பீடத்தைப் பார்ப்பதற்காகச் சுவரைச் சாய்வாகத் துளைத்திருப்பார்கள். சில மரத் தடுப்புகளின் கீழ்ப்பலகையில், மண்டியிட்டால் கண் வருகிற உயரத்தில், ஒழுங்கில்லாத சின்ன ஓட்டைகள் இருக்கும். தச்சர் திட்டம் போட்டு வைத்த மாதிரி அவை இல்லை. வந்தவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்டவை போலத்தான் தெரிகிறது.

இங்கே உங்கள் தொழுநோய் ஜன்னல் வருகிறது. அந்தப் பெயர் 19-ம் நூற்றாண்டில் பரவிய ஒரு ஊகம். சான்சலின் தெற்குச் சுவரில் மேற்கு மூலையில் தாழ்வாக இருக்கும் அந்த ஜன்னல் நூற்றுக்கணக்கான கிராமங்களில் இருக்கிறது, அத்தனை ஊரிலும் தொழுநோயாளிகளுக்குத் தனி ஜன்னல் தேவைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கான இல்லங்களிலேயே தனிச் சிற்றாலயம் இருந்தது. தவிர, அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் பல ஊர்களில் பீடமே தெரியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, அதன் கீழ்ப்பகுதியில் கண்ணாடி இல்லாமல் மரக்கதவு இருந்தது என்பது. கீல் மாட்டிய இரும்புக் கொக்கியும், கதவு உட்காரும் வெட்டும் கல்லில் பல இடங்களில் மிஞ்சியிருக்கின்றன. எதற்குத் திறந்தார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு. கான்டர்பரி பேராயர் பெக்கம் 1281-ல், எழுந்தேற்ற நேரத்தில் மணி அடிக்க வேண்டும், வயலிலும் வீட்டிலும் இருப்பவர்கள் அந்த இடத்திலேயே மண்டியிட வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த மணியை இந்த ஜன்னலைத் திறந்து அடித்திருப்பார்கள் என்பது எனக்கு அதிகம் பொருந்துகிற விளக்கம். புகை போகவும் காற்று வரவும் என்று சொல்பவர்களும் உண்டு, அதையும் தள்ளிவிட முடியாது. இதே வகையில் இன்னும் இரண்டு கதை உங்கள் காதில் விழும். வடக்கு வாசல் பேய் வெளியேறுவதற்கு என்பது ஒன்று. சான்சல் கொஞ்சம் கோணலாக இருந்தால் சிலுவையில் சாய்ந்த இயேசுவின் தலையைக் குறிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இடைக்காலச் சான்று எதுவும் கிடையாது. பழைய சுவர் நிற்கும்போதே புதிய சுவரைக் கட்டினால் நேர்கோடு தவறும், எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

சான்சலுக்குள் தெற்குச் சுவரில் ஒரு மாடமும் அதன் அடியில் கிண்ணம் மாதிரி குழிந்த கல்லும் பார்த்திருப்பீர்கள். அது பிசீனா. பூசைப் பாத்திரம் கழுவிய நீரைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்பதால், சுவர் வழியாக நேரே மண்ணுக்குள் போக ஒரு ஓட்டை இருக்கும். பக்கத்தில் படிப்படியாக மூன்று கல் இருக்கை இருந்தால் அது குருவுக்கும் உதவியாளர்களுக்கும். பீடம் ஒரே கல் பலகை, மேலே ஐந்து சிலுவைக் குறி, நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. 1550-ல் கல் பீடங்களை எடுக்கச் சொன்னபோது பலவற்றைத் தரையில் பதித்துவிட்டார்கள். நடக்கும்போது காலடியில் அந்த ஐந்து குறி தென்பட்டால் நீங்கள் நிற்பது பழைய பீடத்தின்மேல். வடக்குச் சுவரில் ஈஸ்டர் கல்லறை. பெரிய வெள்ளியன்று சிலுவையையும் நற்கருணையையும் அதில் வைத்து மூடி, ஈஸ்டர் விடியும்வரை விளக்கெரிய ஊர்க்காரர்கள் இரவெல்லாம் காவல் இருப்பார்கள். லிங்கன்ஷயரில் ஹெக்கிங்டன், நாட்டிங்காம்ஷயரில் ஹாட்டன் ஆகிய ஊர்களில் இது கல்லில் செதுக்கிய அற்புதமாக நிற்கிறது, அடியில் காவல் வீரர்கள் தூங்கி வழிவது உட்பட. சாதாரண ஊரில் மரச்சட்டமும் துணியும்தான், அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஞானஸ்நானத் தொட்டி மட்டும் பெரும்பாலும் இடம் மாறாமல் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பல சர்ச்சுகளில் கட்டடத்தைவிடப் பழையதாகவும் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் பெயர்ந்தோ, ஈயம் ஊற்றிய தடமோ தெரியும். மந்திரித்த தண்ணீரை மாந்திரீகத்துக்குத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க, தொட்டியை மூடிப் பூட்டி வைக்கும்படி 1236-ல் ஓர் உத்தரவு இருந்தது. அந்தப் பூட்டுக் கம்பி பிடுங்கிய வடு அது. நார்ஃபோக், சஃபோக்கில் எட்டுப் பக்கத் தொட்டியின் ஏழு முகத்தில் ஞானஸ்நானம், திருமணம் போன்ற ஏழு திருவருட்சாதனத்தை (திருச்சபைச் சடங்குகளை) செதுக்குவது ஒரு வழக்கம், சுமார் 40 மிஞ்சியிருக்கின்றன. எட்டாவது முகத்துக்கு ஊர் ஊருக்கு ஒரு காட்சி. மரமூடிகளில் சஃபோக்கின் அஃபர்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிட்டத்தட்ட 18 அடி உயரம், கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக மேலேறி உச்சியில் தன் நெஞ்சைக் கொத்தி ரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கன், நம்மூர்க் கூழைக்கடா. 1644-ல் சிலை உடைக்கவே நியமிக்கப்பட்ட வில்லியம் டவுசிங் அங்கே வந்தார். அவருடைய நாட்குறிப்பிலேயே அந்த மூடியின் அழகைக் குறித்திருக்கிறார். மூடி பிழைத்தது.

டவுசிங் பேரில் ஏற்றிச் சொல்லும் இன்னொரு கதையையும் இங்கே சரிசெய்துவிடுகிறேன். சஃபோக்கின் பிளைத்பர்க் சர்ச்சின் கூரை உத்தரத்தில் இறக்கை விரித்த சம்மனசுகள் இருக்கிறார்கள், அவர்கள் உடம்பில் குண்டு துளைத்த ஓட்டைகள். அவருடைய ஆட்கள் சுட்டது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். 20-ம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது மரத்திலிருந்து எடுத்த குண்டுகள் 18-ம் நூற்றாண்டு வகை. கூரைக்குள் அடைந்த காக்கை இனப் பறவைகளைச் சுட ஆளுக்குக் கூலி கொடுத்த கணக்கும் சர்ச் பதிவில் இருக்கிறது. அவர் அந்த ஊருக்கு வந்ததும் உடைக்கச் சொன்னதும் உண்மைதான், ஆனால் அந்த ஓட்டைகள் அவர் கணக்கில் சேராது.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. டெவனில் மோர்பத் என்று எக்ஸ்மூர் ஓரத்தில் முப்பது சொச்சம் குடும்பம் இருந்த ஒரு குக்கிராமம். அங்கே கிறிஸ்டோபர் ட்ரைக்கே என்ற குரு 1520-லிருந்து 1574 வரை இருந்தார், ஊர்க் கணக்கைத் தன் கையால் எழுதி வைத்தார். அதில் ஒவ்வொரு புனிதரின் விளக்குக்கும் தனித்தனியாக ஆடு உண்டு. தேவமாதாவின் ஆடு இன்னார் வீட்டு மந்தையில் மேய்கிறது, கம்பளி விற்றது இவ்வளவு, ஒன்று செத்தது, ஒன்று தொலைந்தது என்று வருடா வருடம் ஊர் முன்னால் படிப்பார்கள். வாலிபர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள், ஒவ்வொருவர் கையிலும் மெழுகுக் கணக்கு. சிட்வெல் என்ற பெண் புனிதரின் சுரூபத்துக்கு வெள்ளியில் காலணி செய்து போட்டார்கள். இறந்தவர்களுக்கான பூசைக்குக் கறுப்பு உடுப்பு ஒரு செட் வாங்க அந்தக் குரு இருபது வருடத்துக்கு மேல் காசு சேர்த்தார். 1547-ல் வாங்கியும் விட்டார். அதே வருடம்தான் பையன் அரசன் ஆறாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தது, சில மாதங்களிலேயே சுரூபம், விளக்கு, எல்லாவற்றுக்கும் தடை. சுரூபத்தை இறக்கியது, ஆட்டை விற்றது எல்லாமும் அதே கையெழுத்தில் அதே கணக்கில் வருகிறது. நீங்கள் பார்த்த வெறும் சுவரில் அங்கங்கே உடைந்த கல் தாங்கி துருத்திக்கொண்டிருந்தால், அதன்மேல் நின்ற சுரூபத்துக்கும் இப்படி யாரோ ஒருவர் வீட்டில் ஆடு வளர்ந்திருக்கும்.

மரத் தடுப்பு முழுசாக எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் நார்ஃபோக்கில் ரான்வர்த் போங்கள். நடுவில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், பக்கத்தில் வாளோங்கிய மிக்கேல், இறகும் பட்டும் அச்சு அசலாக. தெற்குப் பக்கப் பீடத்தின் பின்னால் கைக்குழந்தைகளோடு மூன்று மரியாள்கள், கூடவே பிரசவத்துக்குத் துணை என்று நம்பப்பட்ட மார்கரெட். பிள்ளை பெற்ற பெண்கள் நன்றி சொல்ல வந்து நின்ற இடமாக இருக்கலாம் என்று சிலர் சொல்வது படத்தைப் பார்த்தால் நம்பும்படி இருக்கிறது, எழுத்தில் ஆதாரம் இல்லை. லட்ஹமில் வேறு மாதிரி. பழைய சுரூபம் போனபின் கத்தோலிக்க மேரி அரசி 1553-ல் வந்தார், எல்லாவற்றையும் திரும்ப வைக்கச் சொன்னார். செதுக்க நேரமோ பணமோ இல்லாமல் சிலுவைக் காட்சியை வளைவில் பலகை மேல் வரைந்தே ஒப்பேற்றினார்கள். அதன் பின்புறம் அடுத்து வந்த எலிசபெத்தின் அரச சின்னம். பின்ஹமில் புனிதர்களை வெள்ளையால் மறைத்து, அதன்மேல் கறுப்பு எழுத்தில் ஆங்கில வேதாகம வசனத்தை எழுதினார்கள். இன்று அந்த வெள்ளை தேய்ந்து, வசன வரிகளுக்கு நடுவே கிரீடமும் கண்ணும் மேலெழுந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒரு நாள் சாயங்காலம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, ஒரு எழுத்தின் வாலுக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை போனால் கையில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் எழும்பித் தெரியும். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல் சர்ச்சின் கோபுரத்துக்குள் வடக்குச் சுவரில் அப்படித்தான் படிக்க வேண்டும். கொள்ளைநோய்க்குப் பிறகு, 1350-ல், யாரோ லத்தீனில் கீறியிருக்கிறார்கள்: பரிதாபம், கொடூரம், சாட்சி சொல்ல மிச்சம் இருப்பது ஜனங்களின் அடிவண்டல் மட்டும் என்கிற பொருளில். அதன் கீழே 1361 என்று குறித்து (இன்றைய கணக்கில் 1362 ஜனவரி) அடித்த பெரும்புயலைப் பற்றி ஒரு வரி. எழுத்து கோணலாக, கத்தி முனையால் மென்மையான சுண்ணக்கல்லில் அழுத்தி எழுதியது, கண்ணுயரத்தில். நீங்கள் போன சர்ச்சின் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள். அந்தக் குட்டி வாசலின் கீழ்ப்படி எந்தப் பக்கச் சுவரில் அடைபட்டிருக்கும் என்று படம் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.